எஃப்2, எஃப்10, அப்புறம் ஒரு வரிக் கட்டளை

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்னால், கறுப்புத் திரையில் கம்பெனிச் சின்னம் ஒன்று இரண்டு மூன்று வினாடி நின்றுவிட்டுப் போகும் பாருங்கள். மூலையில் பொடி எழுத்தில் எஃப்2 அழுத்து என்றோ எஃப்10 அழுத்து என்றோ இருக்கும். நாம் யாரும் அழுத்த மாட்டோம். இந்தப் பதிவு அந்த இரண்டு மூன்று வினாடியைப் பற்றித்தான். டெக்னிக்கல் சமாசாரம் என்று ஓடிவிடாதீர்கள். எழுதுகிறவன் பி.காம். படித்த பேங்க் ஆபீசர். எனக்கே புரிந்தது உங்களுக்குப் புரியாதா?

கொஞ்சம் முன்கதை. அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஆளான என்னை, பேங்க் இரண்டாவது தடவையாக ஆந்திராவுக்குத் தூக்கிப் போட்டிருக்கிறது. முதல் தடவை சித்தூரில் கிளை மேலாளர். இப்போது திருப்பதி ரீஜனல் ஆபீஸ். சித்தூரில் வெளியூர் வந்த மாதிரியே தெரியவில்லை. கடைக்காரர் பாதி தமிழ், பாதி தெலுங்கு பேசுவார். வேலூர் ஒரு மணி நேரம். திருப்பதியில் ஊரே யாத்திரிகர் கூட்டம். அதில் நானும் ஒருவன், என்ன, ஊருக்குத் திரும்பிப் போகாத யாத்திரிகன். குடும்பம் திருநெல்வேலியில். ரூமுக்குப் போய் என்ன செய்ய என்று ஆபீசிலேயே எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன். ஐ.டி. வேலை எதுவாக இருந்தாலும் என் மேஜைக்கு வருவதற்கு அதுதான் காரணம். வேறு தகுதி எதுவும் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பயாஸ் என்பது மதர்போர்டிலேயே ஒரு சில்லில் எழுதி வைத்திருக்கும் சின்ன புரோகிராம். காலையில் கிளை திறக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கர் வந்து லைட் போட்டு, எல்லா கவுண்ட்டரும் இருக்கிறதா என்று பார்த்து, சாவியைக் கொடுத்து, முதலில் யார் உள்ளே போகலாம் என்று சொல்வாரே, அந்த வேலை. விண்டோஸை ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுப்பதா, பென் டிரைவிலிருந்தா, நெட்வொர்க்கிலிருந்தா என்று முடிவு செய்வது பயாஸ். இதற்குத்தான் பூட் ஆர்டர் என்று பெயர். இப்போது வருகிற மிஷின்களில் இதன் வாரிசு யு.இ.எஃப்.ஐ. என்றாலும் எல்லோரும் பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தப் பெயரை வைத்தவர் கேரி கில்டால், 1970களில், சிபி/எம் என்ற சிஸ்டத்துக்காக. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் அழுத்திப் பார்க்க எஃப்2-வும் கிடையாது, செட்டிங் திரையும் கிடையாது. போர்டில் இருக்கும் குட்டி ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ள வேண்டும். 1984-ல் பி.சி. ஏ.டி. வந்தபோதுதான் பேட்டரி போட்ட சில்லில், மொத்தம் 64 பைட் இடத்தில், செட்டிங்குகளை எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். அதை மாற்ற ஒரு ஃபிளாப்பியைப் போட்டு தனி புரோகிராம் ஓட்ட வேண்டும். பிறகு செட்டிங் திரை சில்லுக்குள்ளேயே வந்தது. இப்போது மறுபடியும் வெளியிலிருந்து ஒரு புரோகிராம் ஓட்டி மாற்றுகிறோம். நாற்பது வருடத்தில் ஒரு சுற்று.

பேங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2018 ஜூன் 21 அன்று ரிசர்வ் வங்கி ஏ.டி.எம்-கள் பற்றி ஒரு சர்க்குலர் போட்டது. பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்.பி. பற்றித்தான் பேச்சு. எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது, நாட்டில் ஏ.டி.எம். நிறைய அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்று என்று படிப்படியாகக் கெடு. ஆனால் அந்தப் பட்டியலின் முதல் வரியில், 2018 ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டியவை என்று வந்தது என்ன தெரியுமா? பயாஸ் பாஸ்வேர்ட் போடு, யு.எஸ்.பி. போர்ட்டை அடை, ஆட்டோ ரன்னை நிறுத்து. அந்த எஃப்2 திரையை ரிசர்வ் வங்கி பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

காரணம் இருக்கிறது. ஏ.டி.எம். என்பது பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர். பணம் இருக்கும் கீழ்ப்பகுதி இரும்புப் பெட்டகம். கம்ப்யூட்டர் இருக்கும் மேல் மூடிக்கு ஒரு சாதாரணப் பூட்டு. 2014-ல் காஸ்பர்ஸ்கி கம்பெனிக்காரர்கள் டியூப்கின் என்ற ஒரு சனியனைப் பற்றி எழுதினார்கள். மேல் மூடியைத் திறந்து, ஒரு சி.டி.யைப் போட்டு, அதிலிருந்து மிஷினை பூட் செய்தால் தீர்ந்தது. அப்புறம் ஞாயிறு, திங்கள் இரவுகளில் மட்டும் அது கட்டளை கேட்கும்; கார்டு இல்லாமலே பணத்தைத் துப்பும். சி.டி.யிலிருந்து பூட் ஆகாதே என்று பயாஸில் சொல்லி, அதன் மேல் ஒரு பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அந்தக் கதை முதல் வரியிலேயே முடிந்திருக்கும்.

எல்லாத் திருட்டும் இந்த வழியாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெடு வைத்த அதே 2018 ஆகஸ்டில்தான் புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து சுமார் 94 கோடி ரூபாய் போனது. அது ஸ்விட்ச் வழியாக நடந்த வேலை. பயாஸ் பாஸ்வேர்டால் அங்கே ஒன்றும் ஆகியிருக்காது. சர்க்குலரில் சொன்ன எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இந்தப் பத்தி.

ஏ.டி.எம்-முக்கு வந்த உத்தரவை எங்கள் தலைமையகம் கிளைக் கம்ப்யூட்டர்களுக்கும் நீட்டியது. நியாயம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவுண்ட்டர் காலியாக இருக்கும். ஒரு பென் டிரைவைச் சொருகி அதிலிருந்து பூட் செய்தால் விண்டோஸ் பாஸ்வேர்டெல்லாம் சும்மா. உள்ளே இருக்கும் ஃபைல்களை அள்ளிக்கொண்டு போகலாம். அப்புறம் விசாரணை, 'ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டி' என்று ஒரு ஃபைல், ரிட்டயர் ஆகப்போகிற மனுஷனுக்கு சார்ஜ் ஷீட். பேங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு சித்தூர் பக்கத்துக் கிளைகளுக்கெல்லாம் ஒரே ஒரு ஏ.எம்.சி. இன்ஜினியர். சித்தூர் கட்டமஞ்சிக்காரப் பையன். பலமநேர், புங்கனூர், காணிப்பாக்கம், நகரி என்று பைக்கிலேயே போவான். ஒவ்வொரு மிஷினாக ரீஸ்டார்ட் செய்து, எஃப்2 அடித்து, பூட் ஆர்டரை மாற்றி, பாஸ்வேர்ட் போட்டு, ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வான். என் கிளையில் பதினான்கு மிஷின். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அப்புறம்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் பாருங்கள், அந்தச் சான்றிதழ் காலாண்டுக்கு ஒரு முறை. 'அனைத்துக் கணினிகளிலும் பயாஸ் பாஸ்வேர்ட் நடைமுறையில் உள்ளது' என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரே வழி, ஒவ்வொரு மிஷினையும் மறுபடி ரீஸ்டார்ட் செய்து எஃப்2 அடித்துப் பார்ப்பது. பென்ஷன்காரர் வரிசையில் நிற்கும்போது எந்தக் கிளையில் அதைச் செய்வார்கள்? ரொக்கத்தை எண்ணாமல் கேஷ் பேலன்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். இதில் மட்டும் எண்ணாமல் கையெழுத்துப் போடுவதுதான் நடைமுறை. எனக்கு இது ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குத் தீர்வு கையில் கிடைத்தது 2025-ல். விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓடு ஆயுள் முடிகிறது. எல்லாவற்றையும் விண்டோஸ் 11-க்கு ஏற்ற வேண்டும். பதினொன்றுக்கு டி.பி.எம். 2.0 வேண்டும், மிஷின் செக்யூர் பூட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். எங்கள் மிஷின்களில் டி.பி.எம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, செக்யூர் பூட் பாதியில் ஆஃப். ஆன் செய்ய பயாஸுக்குள் போயாக வேண்டும். ரீஜன் முழுக்க இருக்கும் மிஷின்களுக்கு பைக்கில் ஒரு பையன் என்றால் அடுத்த பிரம்மோற்சவம் வந்துவிடும்.

அதே பையன்தான் (இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை) என் மேஜைக்கு வந்து சொன்னான்: "சார், இதுக்கு கம்பெனிக்காரனே ஃப்ரீயா ஒரு டூல் கொடுத்திருக்கான் சார். மவுஸ் கிவுஸ் ஏமி லேது. ஒரு வரி டைப் பண்ணா அயிபோயிந்தி."

உண்மைதான். டெல்லுக்கு டெல் கமாண்ட் கான்ஃபிகர் என்று ஒன்று இருக்கிறது. முன்னாளில் க்ளையண்ட் கான்ஃபிகரேஷன் டூல்கிட், சுருக்கமாக சி.சி.டி.கே. டைப் செய்யும்போது இன்றைக்கும் அந்த நாலு எழுத்துதான். எச்.பி.க்கு பயாஸ் கான்ஃபிகரேஷன் யுடிலிட்டி. லெனோவோவில் தனி டூலே வேண்டாம், விண்டோஸின் பவர்ஷெல்லிலிருந்தே பயாஸிடம் பேசலாம். மூன்றும் ஒரே காரியம்தான்: விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால், பயாஸ் செட்டிங் மாறும், பெரும்பாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் அமலுக்கு வரும். இதையே தலைமையகத்திலிருந்து நெட்வொர்க் வழியாக நூறு மிஷினுக்கு அனுப்பலாம்.

எல்லோரும் வாய் பிளந்தது வேகத்தைப் பார்த்து. நான் வாய் பிளந்தது வேறு ஒன்றுக்கு. எச்.பி. டூலிடம், மாற்றாதே, இருப்பதை எழுதி மட்டும் கொடு என்று கேட்கலாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தரும். நோட்பேடில் திறந்தால், செட்டிங்கின் பெயர் இடது ஓரத்தில். அதற்குக் கீழே, கொஞ்சம் உள்தள்ளி, சாத்தியமான பதில்கள். எது நடைமுறையில் இருக்கிறதோ அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான். செக்யூர் பூட், யு.எஸ்.பி. பூட், மின்சாரம் போய்த் திரும்பினால் தானே எழுந்துகொள்வதா வேண்டாமா, எல்லாம் வரிசையாக. பிரிண்ட் எடுக்கலாம். தேதி போடலாம். போன மாதத்து ஃபைலையும் இந்த மாதத்து ஃபைலையும் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது என்று பார்க்கலாம். மிஷினின் ட்ரையல் பேலன்ஸ் என்றுதான் எனக்குத் தோன்றியது. இருபத்தைந்து வருட சர்வீஸில் முதல் முறையாக, எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று தெரிந்தது.

முதல் வாரம் மாற்றமே செய்ய வேண்டாம், எல்லாக் கிளையிலிருந்தும் ஃபைலை மட்டும் வாங்கு என்றேன். வந்தது. காகிதத்தில் நூற்றுக்கு நூறு சான்றிதழ் கொடுத்திருந்த ஒரு கிளையில் மூன்று மிஷினில் பென் டிரைவ்தான் பூட் ஆர்டரில் முதல். இன்னொன்றில் மதர்போர்ட் மாற்றியபோது எல்லாமே ஃபேக்டரி செட்டிங்குக்குப் போயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு மிஷினில் கடிகாரம் பல வருடம் பின்னால் நின்றது. அது தினமும் காலையில் கோர் பேங்கிங் திறக்காமல் அழும் மிஷின். நாணய அளவு பேட்டரி ஒன்று, சி.ஆர்.2032, செத்துப்போனால் தேதி பின்னால் போகும். தேதி தப்பென்றால் சர்ட்டிஃபிகேட் செல்லாது என்று சிஸ்டம் கதவைச் சாத்தும். சில பத்து ரூபாய்ச் சமாசாரம். அதற்கு ஆறு மாதமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது பாஸ்வேர்ட். பழைய பாஸ்வேர்டைச் சொன்னால்தான் டூல் புதியதைப் போடும். சொல்லத் தெரியாவிட்டால் டூல் ஒன்றும் செய்யாது. ஆள் போய், பெட்டியைத் திறந்து, போர்டில் ஜம்பரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ரிஜிஸ்டர்களில் இருந்த பாஸ்வேர்ட் பாதி தப்பு. பையனின் நீள நோட்டில் இருந்தது சரி. ஏழு வருடமாக ஒரு மாவட்டத்துக் கிளைகளின் பயாஸ் பாஸ்வேர்டெல்லாம் ஒரு பைக்கின் டேங்க் கவருக்குள் பயணம் செய்துகொண்டிருந்தன என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவன் மேல் குற்றமில்லை. அந்த நோட்டும் இல்லாவிட்டால் பாதி மிஷின்களைப் பெட்டி பெட்டியாகத் திறந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கூத்து, வெளியிலிருந்து காண்ட்ராக்டில் வந்தவர்கள் எழுதி அனுப்பிய பேட்ச் ஃபைல். அதை ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்தேன். புது பாஸ்வேர்ட் பச்சையாக உட்கார்ந்திருக்கிறது! எல்லாக் கிளைக்கும் ஒரே பாஸ்வேர்ட் வேறு. எச்.பி.யில் பாஸ்வேர்டைப் பூட்டிய ஃபைலாகக் கொடுக்க வழி இருக்கிறது. கட்டளை வரியிலேயே எழுதுகிற முறையில், ஃபைலைப் பார்க்க முடிந்த எல்லோருக்கும் பாஸ்வேர்ட் தெரியும். ஸ்ட்ராங் ரூமின் டூப்ளிகேட் சாவியை என்ன செய்கிறோம்? சீல் வைத்த கவரில் போட்டு, இரண்டு பேர் கையெழுத்திட்டு, வேறு கிளையில் வைக்கிறோம். இதையும் அப்படியே நடத்துங்கள், கிளைக்கு ஒரு பாஸ்வேர்ட், ஓட்டி முடித்ததும் ஃபைல் மிஷினில் இருக்கக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். தலைமையகத்தில் ஒரு மேடம் உடனே ஒப்புக்கொண்டார். ஆச்சரியம்தான்.

எல்லாம் சரி, ஒரு வரியில் நூறு மிஷின் மாறும் என்றால், ஒரு வரியில் நூறு மிஷின் படுக்கவும் செய்யும். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் ஒன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது ஞாபகம் இருக்கும். எங்களுக்கு அந்த அளவில் இல்லை. ஆறே மிஷின். சித்தூர் பக்கம் ஒரு கிளை. சோதனை ஓட்டம் என்று காண்ட்ராக்ட்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் செக்யூர் பூட்டை ஆன் செய்யும் கட்டளையை அனுப்பினார்கள். திங்கள் காலையில் ஆறு மிஷினும் பிட்லாக்கர் ரிகவரி கீ கேட்டுக்கொண்டு நிற்கின்றன. பயாஸில் யாரோ கை வைத்தார்கள் என்று டி.பி.எம். சந்தேகப்பட்டு டிஸ்கைத் திறக்க மறுக்கிறது. அதன் வேலை அதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. முன்னாலேயே, ஒரு ரீஸ்டார்ட்டுக்கு மட்டும் பிட்லாக்கரை நிறுத்தி வை என்று இன்னொரு வரி சேர்த்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லை.

மாத முதல் வாரம். பென்ஷன் கூட்டம். ரிகவரி கீ என்பது நாற்பத்தெட்டு இலக்கம். ஆறு மிஷினுக்கு இருநூற்று எண்பத்தெட்டு. தலைமையகத்திலிருந்து வாங்கி, திருப்பதியிலிருந்து நான் போனில் சொல்ல, அங்கே கணக்கர் மேடம் அடிக்க வேண்டும். அவர் தெலுங்குக்காரர், என் தெலுங்கு பஸ் ஸ்டாண்ட் தெலுங்கு. நான் சொல்வதை அவர் திருப்பிச் சொல்வார். 'ஏடு' என்கிறார். எனக்கு 'எட்டு' என்று கேட்கிறது. தெலுங்கில் ஏடு என்றால் ஏழு! "எட்டா மேடம்?" என்றால், தெலுங்கில் 'எட்டா' என்றால் 'எப்படி' என்று அர்த்தம். "எட்டா அண்டே எட்டா சார்? ஏடு சார், ஏடு!" என்று அவர் கத்துகிறார். பின்னால் பென்ஷன்காரர்கள் சிரிக்கும் சத்தம் போனில் கேட்கிறது.

இங்கேதான் பி.காம். கை கொடுத்தது. அந்த நாற்பத்தெட்டும் ஆறு ஆறாக எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு 271667. பதினொன்றால் வகுத்தால் 24697, மீதி இல்லை. அதில் ஒரு ஏழு எட்டாகி 281667 ஆனால், மீதி 1. ஒற்றை இலக்கம் எது மாறினாலும் மீதி வந்துவிடும். ஆகவே அவர் திருப்பிச் சொல்லும் ஒவ்வொரு கட்டையும் மேஜைக் கால்குலேட்டரில் அடித்து வகுத்தேன். மீதி வந்தால் "மேடம், மளி செப்பண்டி". மீதி இல்லையென்றால் அடுத்தது. இரண்டாவது மிஷினுக்கு அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறினோம் (முதலிலேயே மாறியிருக்கலாமே என்று கேட்காதீர்கள், பதற்றத்தில் யாருக்குத் தோன்றுகிறது). பதினொன்றே காலுக்கு ஆறாவது மிஷின் திறந்தது.

அன்றைக்குப் பிறகு நான் ஒன்று வைத்தேன். எந்தக் கட்டளைப் பட்டியல் வந்தாலும், முதலில் ரீஜனல் ஆபீசில் என் மிஷினிலேயே ஓட வேண்டும். அப்புறம் ஒரு கிளையில் ஒரே மிஷின். ஓட்டுவதற்கு முன் ஒரு நட்சத்திர ஃபைல், ஓட்டிய பின் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு, சொன்னது மட்டும்தான் மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகே மற்றதற்குப் போகும். காண்ட்ராக்ட்காரர்களுக்குக் கடுப்பு. லேட் ஆகிறது என்று மேலே மெயில் போட்டார்கள். அந்தத் திங்கட்கிழமையின் போன் பில்லைக் காட்டினேன்.

பையன் ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டான். அவனுக்குச் சம்பளம் ஏதோ சப்-காண்ட்ராக்டரிடம். கிளைக்குப் போனால் தனியாக பெட்ரோல் படி. அதில்தான் மாதத்துக்கு நாலு காசு மிஞ்சும். "சார், எல்லாம் இங்கேருந்தே ஒரு வரில முடிஞ்சா, என்னை எதுக்கு சார் அனுப்புவாங்க?" இந்த டூலை என் மேஜைக்குக் கொண்டுவந்தவனே அவன்தான். என்ன பதில் சொல்ல? மாதா மாதம் கிளைகளிலிருந்து வரும் ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் தேவை, அதற்கு இவனை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஃபைல் போயிருக்கிறது. நம் ஊர் ஃபைல்கள் எப்படிப் போகும் என்று தெரியும்தானே.

இப்போதைக்கு மீதி ஏழு மிஷின். பாஸ்வேர்ட் ரிஜிஸ்டரிலும் இல்லை, நீள நோட்டிலும் இல்லை. டூல் கைவிரித்துவிட்டது. அதில் மூன்று குப்பம் பக்கம்; சித்தூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சுமார். திங்கட்கிழமை அவன் பைக்கில் போகிறான், ஸ்க்ரூ டிரைவரும் ஒரு டஜன் சி.ஆர்.2032-ம் எடுத்துக்கொண்டு. பெட்ரோல் படிக்கு சாங்ஷன் வாங்கிவிட்டேன்.